நாட்டு விளையாட்டு எது? சடுகுடு கபடியான வரலாறு

சென்ற பொங்கல் விழாவின்போது நம் குடியிருப்புச் சிறுவர்கள் திடலில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தனர். நாச்சாரம் தொழிற்பேட்டைக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு பக்கம். அவர்களோடு ஒரே பள்ளியில் பயிலும் தெலுங்குப் பிள்ளைகள் மறுபக்கம். நம் பையன் ஒருவன் “சடுகுடு சடுகுடு” என்று பாடிக்கொண்டு கோட்டைக் கடந்து சென்றான். அவன் மீண்டதும் அப்பக்கத்துப் பையன் ஒருவன் “செடுகுடு செடுகுடு” என்று பாடிக்கொண்டு வந்தான். முதலெழுத்து ஒன்றே வேறு. மற்றவை யாவும் ஒன்றே. நமக்குப் பொங்கலும் அவர்களுக்குச் சங்கராந்தியும் ஒரே நாளில் அமைவது போலவே இவ்விளையாட்டும் இரு சாரார்க்கும் பொதுவாக அமைந்திருந்தது. யாரும் யாருக்கும் ஆடும் முறையை எடுத்துக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை.

அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி என்னிடம் ஒரு வினாவை எழுப்பினாள்: “தாத்தா, நம் நாட்டின் தேசிய விளையாட்டு எது? ஹாக்கி என்று எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் ஹாக்கி ஆடுவோரை நான் இங்கே ஒருநாளும் பார்த்ததில்லையே!” எளிய வினாதான். ஆயினும் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பிரகடனம் இல்லாத பெருமை

ஹாக்கியே இந்தியாவின் தேசிய விளையாட்டு என்று நம்மில் பலர் இளமை முதல் படித்து வந்திருக்கிறோம். அந்நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் முதல் 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் வரை இந்திய ஆடவர் அணி ஹாக்கியில் எட்டுத் தங்கப் பதக்கங்களை வென்றது. அடிமைப்பட்டிருந்த காலத்திலேயே உலகத்தின் முன் நாம் தலைநிமிர்ந்து நிற்க வழி செய்த விளையாட்டு அது. மக்கள் அதற்குத் தேசியம் என்னும் அடைமொழியைத் தாமாகவே சூட்டிவிட்டனர்.

ஆனால் 2012-ஆம் ஆண்டில் லக்னோ நகரத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி, இதற்கான அரசாணை எங்கே என்று கேட்டாள். நடுவண் அரசின் விளையாட்டுத் துறை அளித்த மறுமொழி யாது? எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டு என அரசு அறிவிக்கவில்லை என்பதே. தேசியப் பறவை உண்டு. தேசிய விலங்கு உண்டு. தேசிய மலரும் உண்டு. தேசிய விளையாட்டு என்று சட்டப்படி ஒன்றும் இல்லை. பாடநூலும் பொது அறிவுப் போட்டிகளும் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த ஒரு செய்திக்கு ஆதாரமான ஏடு ஒன்றுகூட இல்லை என்பது வியப்பன்றோ?

இத்தகைய மயக்கம் நமக்கு மட்டும் உரியது என்று நாணவேண்டியதில்லை. கடல் கடந்த கனடா நாட்டிலும் இதே கதை நிகழ்ந்திருக்கிறது. அதனைச் சிறிது அறிந்துகொண்டால் நம் சடுகுடுவின் கதை மேலும் தெளிவாக விளங்கும்.

கனடா நாட்டின் பாடம்

நுனியில் வலை பின்னிய கோலால் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடும் விளையாட்டு ஒன்று வட அமெரிக்காவின் பழங்குடி மக்களிடையே தொன்றுதொட்டு வழங்கி வந்தது. ஹோடனோஷோனி என்னும் ஆறு குலக் கூட்டமைப்பினர் அதனைப் படைத்தவன் தந்த ஆட்டம் என்று போற்றினர். நோய் தீர்க்கும் ஆட்டம் என்றும் நம்பினர். அங்குச் சென்ற பிரெஞ்சுப் பாதிரிமார் ஆடுகோலைக் கண்டு அதற்கு ‘லக்ராஸ்’ என்று பெயரிட்டனர்.

மாண்ட்ரீல் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பீர்ஸ் என்பவர் 1860-களில் இவ்வாட்டத்திற்கு விதிகளை வகுத்தார். ஒரு பக்கத்திற்கு இத்துணைப் பேர், களத்தின் அளவு இவ்வளவு, பந்து இரப்பரால் ஆனது என்றெல்லாம் வரையறுத்தார். 1867-ஆம் ஆண்டு, கனடா ஒரு கூட்டாட்சி நாடாக உருப்பெற்ற அதே ஆண்டில், கிங்ஸ்டன் நகரில் தேசிய லக்ராஸ் சங்கம் நிறுவப்பட்டது. லக்ராஸ் விளையாட்டை 1859-இலேயே பாராளுமன்றம் தேசிய விளையாட்டாக அறிவித்தது என்றொரு செய்தியும் நெடுங்காலம் உலவி வந்தது. பின்னாளில் ஆராய்ச்சியாளர் ஏடுகளைத் தேடிப் பார்த்தனர். அப்படி ஒரு சட்டம் இயற்றப்பட்டதற்குச் சான்றே கிடைக்கவில்லை!

உண்மையான சட்டம் 1994-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாளில்தான் பிறந்தது. நெல்சன் ரீஸ் என்னும் உறுப்பினர் பனிவளைகோற்பந்தைத் தேசிய விளையாட்டாக்க வேண்டும் என்று தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். லக்ராஸ் விளையாட்டின் உரிமை என்னாவது என்று எதிர்ப்பு எழுந்தது. முடிவில் குளிர்காலத்திற்குப் பனிவளைகோற்பந்து, கோடைக்காலத்திற்கு லக்ராஸ் என்று இரண்டையும் ஏற்றுச் சட்டம் நிறைவேறியது.

இக்கதையில் நெஞ்சை உறுத்தும் பகுதி ஒன்றுண்டு. விதி வகுத்து, சங்கம் அமைத்து, தேசியம் என்று பெயரும் சூட்டியவர்கள், அவ்விளையாட்டைத் தந்த பழங்குடியினரையே புறத்தே நிறுத்தினர். பயணச் செலவிற்காகப் பணம் பெற்று ஆடியவர்களாதலின் பழங்குடி வீரர் தொழில்முறை ஆட்டக்காரர் எனக் கருதப்பட்டனர். 1880-இல் சங்கம் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்க்கு மட்டுமே உரியது என்றான பொழுது, அவர்களுக்குக் கதவு அடைபட்டது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1983-இல், அம்மக்கள் தமக்கெனத் தனித் தேசிய அணி ஒன்றை அமைத்தனர். 1990-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் தம் கொடியின்கீழ் ஆடினர்.

விதி வகுத்தல் விளையாட்டை வளர்க்கும். ஆனால் விதி வகுப்போரின் கையில் விளையாட்டின் உரிமையும் போய்ச் சேரும். கனடா தரும் பாடம் இதுதான். இதனை நினைவிற் கொண்டு நம் திடலுக்குத் திரும்புவோம்.

மூச்சே கடிகாரம்

சடுகுடு எப்பொழுது தோன்றியது என்று ஆண்டு குறித்துச் சொல்வதற்கில்லை. அபிமன்யு சக்கர வியூகத்துள் புகுந்ததை நினைவூட்டும் ஆட்டம் என்பர் சிலர். ‘கைபிடி’ என்னும் தமிழ்ச் சொல்லே ‘கபடி’ ஆயிற்று என்பர் வேறு சிலர். கேட்பதற்கு இவை இனிமையாகவே உள்ளன. ஆயினும் ஒலி ஒத்திருப்பது ஒன்றே வரலாற்றுச் சான்று ஆகிவிடாது. நம் மொழிமீது நாம் கொண்ட பற்று உண்மையின்மீது கொள்ளும் பற்றுக்குக் குறுக்கே நிற்கலாகாது.

ஐயத்திற்கு இடமின்றி நமக்குத் தெரிந்தது வேறொன்று. இந்திய நாட்டின் பல மூலைகளிலும் இவ்வாட்டம் வெவ்வேறு பெயர்களில் வாழ்ந்து வந்தது. தமிழகத்தில் சடுகுடு, ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு, வடக்கே கபடி. பாடிச் செல்பவன் உச்சரித்த சொல்லே பெரும்பாலும் ஆட்டத்தின் பெயராயிற்று. எந்த மன்னனும் ஆணையிட்டு இதனைப் பரப்பவில்லை. பந்து வேண்டியதில்லை, மட்டை வேண்டியதில்லை, காலணியும் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலும், நிலவொளியும், உத்தி பிரித்துக்கொள்ள இளைஞர் சிலரும் இருந்தால் போதும். ஏழையின் விளையாட்டு என்று ஒன்றைச் சொல்லலாம் எனின் அது இதுவே.

பழைய ஆட்டத்தின் அழகு மூச்சில் இருந்தது. எதிர்க்களத்தில் நுழைந்தவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே இருத்தல் வேண்டும். மூச்சு அறுந்தால் ஆட்டமும் அறுந்தது. நடுவரும் கடிகாரமும் இல்லாத இடத்தில் மனிதனின் மூச்சே கடிகாரமாக நின்றது. அவனவன் தன் ஊர்ப் பாட்டைப் பாடினான். சிலர் வெறுமனே சொல்லை அடுக்கினர். சிலர் எதிரியை ஏளனம் செய்யும் அடிகளைக் கட்டிப் பாடினர். ஊருக்கொரு பாட்டு என்பதைப் போலவே ஊருக்கொரு விதியும் இருந்தது. ஒருவன் தொடப்பட்டால் வெளியேற வேண்டுமா, வெளியேறியவன் மீண்டும் உயிர் பெறலாமா என்பனவெல்லாம் அவ்வவ்வூர் வழக்கைப் பொறுத்தவை.

ஊருக்குள் ஆடும்வரை இதனால் இடர் ஒன்றும் இல்லை. அடுத்த ஊரோடு ஆடும்பொழுது சண்டை மூண்டது. வெவ்வேறு மாகாணத்தார் சேர்ந்து ஆடவேண்டும் என்றபொழுதோ ஆட்டமே இயலாதாயிற்று. பொதுவிதி வேண்டும் என்னும் எண்ணம் அவ்வாறே பிறந்தது.

விதி பிறந்த கதை

இத்துறையில் முதலில் முயன்றவர்கள் மராட்டியர். 1918-ஆம் ஆண்டில் சதாராவில் ஹுதுது ஆட்டத்திற்கு ஒழுங்குமுறை வகுக்கும் முயற்சி தொடங்கியது. 1923-இல் பரோடாவின் ஹிந்த் விஜய் ஜிம்கானா விதிகளை அச்சிட்டு வெளியிட்டதோடு அகில இந்தியப் போட்டி ஒன்றையும் நடத்தியது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி நகரின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் இந்திய விளையாட்டுகளை அங்கே காட்சியாக ஆடிக் காட்டினர். அவற்றுள் கபடியும் ஒன்று. 1938-இல் கல்கத்தாவில் நிகழ்ந்த இந்திய ஒலிம்பிக் போட்டிகளில் அது இடம் பெற்றது.

நாடு விடுதலை பெற்றபின் 1950-இல் அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் தோன்றியது. ஆடவர்க்கான தேசியப் போட்டி 1952-இல் தொடங்கியது. அம்முதற் போட்டி நடந்த நகரம் எது தெரியுமா? நம் சென்னை மாநகரமே! மகளிர்க்கான தேசியப் போட்டி 1955-இல் கல்கத்தாவில் நடைபெற்றது. கிராமத்துப் பெண்கள் வெளியே வந்து விளையாடுவதையே ஊரார் குறை கூறிய காலத்தில் மகளிர்க்கெனத் தேசியப் போட்டி நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1970-களின் தொடக்கத்தில் இந்திய அமெச்சூர் கபடிச் சம்மேளனம் அமைந்து இப்பணியை ஏற்றது. மராட்டியத்துச் சங்கர்ராவ் சால்வி போன்றோர் விதிகளை ஒழுங்குபடுத்துவதிலும் ஆட்டத்தைப் பரப்புவதிலும் தம் வாழ்நாளையே செலவிட்டனர்.

விதி வகுத்தோர் முன் மூன்று வகை ஆட்டங்கள் நின்றன. வெளியேறியவன், தன் அணியினர் எதிரி ஒருவனை வீழ்த்தும்பொழுது உயிர் பெற்று மீளும் சஞ்சீவனி ஒன்று. வெளியேறியவன் ஓர் அணி முழுதும் வீழும்வரை வெளியிலேயே இருக்கும் காமினி மற்றொன்று. தொடப்பட்டவனும் களத்திலேயே நின்று புள்ளி மட்டும் எண்ணப்படும் அமர் மூன்றாவது. இம்மூன்றனுள் சஞ்சீவனியே இன்றைய கபடிக்கு அடிப்படை. வீழ்ந்தவனுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு அளிக்கும் வகையே நிலைத்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இன்றைய ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது; மகளிர் களம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. களத்தில் எழுவர், வெளியே மாற்றாளர் ஐவர். ஆடவர்க்கு இருபது நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள். பாடிச் செல்வோருக்கு 30 நொடி. எதிரணி முழுவதையும் வீழ்த்தினால் ‘லோனா’ என்னும் பெயரில் இரண்டு புள்ளிகள் கூடுதல்.

பாடும் சொல்லும் விதிக்குள் வந்தது. ‘கபடி’ என்றே தெளிவாக உச்சரித்தல் வேண்டும். சடுகுடு என்றோ ஹுதுது என்றோ பாடினால் இன்றைய போட்டிக் களத்தில் அது செல்லாது. மூச்சின் இடத்தைக் கடிகாரம் பெருமளவு பிடித்துக்கொண்டது. ஊர்ப்பாட்டின் இடத்தை ஒரு சொல் பிடித்துக்கொண்டது. இஃது இழப்பே. மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டதனாலன்றோ தஞ்சையின் இளைஞனும் பாட்னாவின் இளைஞனும் ஒரே களத்தில் நிற்க முடிந்தது? இழந்தது ஊர்ப்பெயர், பெற்றது ஊர் கடந்த உறவு.

ஆசியா எங்கும் கபடி

1972-இல், தான் விடுதலை பெற்ற மறு ஆண்டே, வங்கதேசம் கபடியைத் தன் தேசிய விளையாட்டாக ஏற்றது. 1974-இல் இந்திய அணி அங்குச் சென்று ஆடியது. 1978-இல் பிலாய் நகரில் ஆசியக் கபடிச் சம்மேளனம் உருவாயிற்று. 1979-இல் சுந்தர் ராம் என்னும் இந்தியப் பேராசிரியர் ஜப்பான் நாட்டில் இரண்டு திங்கள் சுற்றி அந்நாட்டினர்க்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தார். 1980-இல் கல்கத்தாவில் முதல் ஆசியப் போட்டி. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டம். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்திற்குரிய ஆட்டம் எனப் படிப்படியாகக் கபடி உயர்ந்தது.

1990 முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடவர் தங்கம் இந்தியாவிற்கே உரியதாயிற்று. 2010-இல் மகளிர் கபடியும் சேர்க்கப்பட்டது. அதிலும் முதல் தங்கம் நமதே. இவ்வெற்றிகளில் தமிழரின் பங்கு சிறிதன்று. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்த கணேசன் 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார்; 1995-ஆம் ஆண்டிற்கான அர்ஜுனா விருதையும் பெற்றார். தஞ்சை மண்ணின் மைந்தர் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்த பின்னும் களம் நின்று ஆடியவர். 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள் நம் ஐதராபாத்தின் கச்சிபௌலி உள்ளரங்கில் நடந்த புரோ கபடி இறுதி ஆட்டத்தில் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பையை ஏந்தியவர் அவரே. தமிழர் ஒருவர் பீகாரின் அணிக்குத் தலைமை ஏற்றுத் தெலுங்கு மண்ணில் வெற்றி கண்டார்! 2025-இல் பஹ்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற மகளிர் அணியில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா துணைத் தலைவியாக விளங்கினார்.

ஆசான் தோற்பதும் உண்டு. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரான் ஆடவர் அணி 27-18 என்னும் கணக்கில் இந்தியாவை வென்றது. இறுதி ஆட்டத்தில் ஈரான் மகளிரும் நம் மகளிரை 27-24 என வென்றனர். அந்த ஈரான் மகளிர்க்குப் பயிற்சி அளித்தவர் யார்? நாசிக் நகரைச் சேர்ந்த சைலஜா ஜெயின் என்னும் இந்தியப் பெண்மணியே. நாம் கற்பித்த ஆட்டம் நம்மையே வென்றதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு விளையாட்டு வளர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறு யாது?

ஆட்சி தவறினால்

வருந்தத்தக்கது வேறு. களத்தில் ஈரானிடம் தோற்ற அதே ஆண்டில் களத்திற்கு வெளியேயும் நம் கபடி தடுமாறியது.

இந்தியச் சம்மேளனத்தின் தலைமைப் பொறுப்பில் ஜனார்தன் சிங் கெலாட் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார். கபடி ஆசிய விளையாட்டில் இடம் பெற்றதில் அவர் உழைப்பிற்குப் பெரும் பங்குண்டு. அதனை மறைத்தல் நன்றி கொன்றதாகும். ஆனால் அவர்க்குப் பின் அவர்தம் துணைவியார் தலைவராயினார். அவரோ ஆயுட்காலத் தலைவர் எனப்பட்டார். முன்னாள் வீரர் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்நியமனங்களைச் செல்லாதனவாக்கி, நிர்வாகி ஒருவரை அமர்த்தியது. ஆசிய விளையாட்டிற்கு வீரரைத் தேர்ந்தெடுத்த முறையும் வழக்காயிற்று. தேர்வு பெற்றோரும் விடுபட்டோரும் தம்முள் ஆடட்டும் என்று நீதிமன்றமே ஆணையிட்டது. 2018 செப்டம்பர் 15-ஆம் நாள் குறித்த அரங்கிற்கு விடுபட்டோர் வந்தனர். ஆசிய விளையாட்டில் ஆடிய அணியோ வரவில்லை. கோட்டின் இருபுறமும் தீர வேண்டிய வழக்கு நீதிமன்றத்தின் படிக்கட்டு ஏறிற்று என்பதே நமக்குத் தலைகுனிவு.

2023-இல் தேர்தல் நடந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டோர் உடனே பொறுப்பேற்க இயலவில்லை. நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லை என்று அனைத்துலகச் சம்மேளனம் 2024-இல் இந்தியச் சம்மேளனத்தை விலக்கி வைத்தது. ஈரானில் நடக்கவிருந்த ஆசியப் போட்டியில் ஆட வழியின்றி நின்ற வீராங்கனையர் இருவர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2025 பிப்ரவரியில் அந்நீதிமன்றம், பொறுப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்டோரிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. அதன் பின்னரே நம் மகளிர் டெஹ்ரான் சென்றனர். சென்று கோப்பையையும் வென்றனர். வெல்லும் வலிமை அவர்களிடம் இருந்தது. அவர்களை ஆட விடும் ஒழுங்குதான் இல்லாதிருந்தது.

விதியில் தெளிவின்மையும் எவ்வளவு கேடு விளைக்கும் என்பதற்கு 2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டமே சான்று. இந்தியாவும் ஈரானும் 28-28 எனச் சமநிலையில் நின்றபொழுது, இந்தியத் தலைவர் பவன் செராவத் எவரையும் தொடாமல் ஓரப்பகுதியில் கால் வைத்தார். அவரைத் தொடர்ந்து ஈரானியரும் அங்கு இறங்கினர். பழைய விதிப்படி ஒரு தீர்ப்பு. புதிய விதிப்படி மற்றொரு தீர்ப்பு. எது செல்லும் என்று நடுவர்களே மாறி மாறிக் கூறினர். நெடுநேரம் ஆட்டம் நின்றது. முடிவில் இந்தியா 33-29 என வென்றது. ஆயினும் தெளிந்த விதியின்கீழ் வந்திருந்தால் அவ்வெற்றி இன்னும் ஒளி பெற்றிருக்கும். ஊருக்கொரு விதி என்னும் பழைய பிணி, உருமாறி உலக அரங்கில் வந்து நின்றது போலும்! அந்தப் பவன் செராவத் 2022-இல் தமிழ் தலைவாஸ் அணிக்காகவும் 2023-இல் தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்காகவும் ஏலம் எடுக்கப்பட்டவர் என்பதையும், அவ்விரு ஏலத்திலும் அவர் விலை இரண்டு கோடி ரூபாயைக் கடந்தது என்பதையும் நம் குடியிருப்பு இளைஞர் நன்கறிவர்.

‘சம்மேளனச் சண்டை பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன?’ என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் நன்றாகக் கபடி ஆடுபவன். தந்தை ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்கும் என்று நம்பி, கடன் வாங்கி அவனை வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்பினார். பையன் கோப்பையும் சான்றிதழும் கொண்டு வந்தான். வேலைக்கு விண்ணப்பித்தபொழுது, போட்டி நடத்திய அமைப்பு அங்கீகாரம் பெற்றதன்று. சான்றிதழ் செல்லாது என்றனர். தேசியம் என்னும் சொல் அதில் பொன்னெழுத்தில் அச்சாகித்தான் இருந்தது! அச்சொல்லைக் காட்டி அத்தந்தை என்னிடம், “ஐயா, இதில் பொய் எது?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. இரயில்வேயிலும் காவல் துறையிலும் வங்கிகளிலும் கபடியால் வாழ்வு பெற்ற ஏழை இளைஞர் எத்துணையோ பேர். அவ்வாழ்வின் திறவுகோல் ஒரு சங்கத்தின் முத்திரையில் இருக்கிறது. சங்கம் தவறினால் பலியாவது அப்பையனின் இளமை.

2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் ஒன்றை இயற்றியது. சங்கங்களை அங்கீகரிக்கத் தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம், தேர்தலைக் கண்காணிக்கத் தனிக் குழு, செயற்குழுக்களில் வீரர்க்கும் மகளிர்க்கும் இடம் ஆகியவை அச்சட்டத்தின் கூறுகள். இச்சட்டமும் எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டு என்று பெயர் சூட்டவில்லை. பெயர் சூட்டுவதைவிட அரிய வேலை ஒன்றை, அதாவது ஒழுங்கைக் காக்கும் வேலையை, அது மேற்கொண்டிருக்கிறது. அவ்வேலை எவ்வளவு நிறைவேறும் என்பதை இனி வரும் ஆண்டுகள் காட்டும்.

சிறுமிக்கு விடை

சட்டத்தினால் மட்டும் ஒரு விளையாட்டு நாட்டுடைமை ஆவதில்லை. கனடாவில் பெயர் இருந்தது, தந்தவர்க்கு இடமில்லாதிருந்தது. நம் நாட்டில் பெயரும் இல்லை, பிரகடனமும் இல்லை. ஆனால் தெற்கே சடுகுடு என்றும் கிழக்கே ஹாடுடு என்றும் மக்கள் தாமே ஆடி வளர்த்தனர். எந்த ஊரில், எந்தக் குலத்தில், எந்த மொழியில் பிறந்தாலும், ஆணாயினும் பெண்ணாயினும், திறமை ஒன்றையே நம்பிக் கோட்டைக் கடக்கலாம் என்னும் நிலை எந்த விளையாட்டில் உண்டோ அதுவே நாட்டு விளையாட்டு. அந்நிலையைக் காப்பது விதியின் தெளிவும் சங்கத்தின் நேர்மையுமே.

இது பெரிய சம்மேளனங்களுக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று. நம் தமிழ்ச் சங்கமும் ஒரு சங்கமே. ஆண்டுதோறும் கணக்கை அவையில் படிக்கிறோம், தேர்தல் நடத்துகிறோம், ஆண்டு விழாப் போட்டிகளுக்கு நடுவரை அமர்த்துகிறோம். தன் பிள்ளை தோற்றதும் நடுவரைக் குறைகூறும் தந்தையும், தெரிந்தவர் பிள்ளைக்கு ஒரு புள்ளி கூட்டிப் போடும் நடுவரும் நம்மிடையே தோன்றாதிருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் சடுகுடுப் போட்டி ஒன்றை முறையாக நடத்துவோமாக. விதிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதித் திடலில் மாட்டி வைப்போமாக. பெண் குழந்தைகளுக்கென ஒரு களம் தனியே கிழிப்போமாக. அக்கம்பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களையும் அழைப்போமாக. போட்டிக்கு முன் அரைமணி நேரம், முதியோர் தம் ஊர்ச் சடுகுடுப் பாட்டுகளைப் பாடிக் காட்டட்டும். விதிக்கு உட்பட்ட ஆட்டத்தில் அப்பாட்டுகளுக்கு இடமில்லை எனினும், நம் நினைவில் இடம் இருக்கட்டும்.

அச்சிறுமிக்கு நான் இப்பொழுது விடை கூறிவிட்டேன். “அம்மா, நம் நாட்டிற்குத் தேசிய விளையாட்டு என்று சட்டத்தில் எழுதப்பட்டது எதுவும் இல்லை. நீ அடுத்த முறை அப்படியே எழுது, மதிப்பெண் குறைந்தாலும் குற்றமில்லை” என்றேன். அவள் சற்றே சிந்தித்துவிட்டு, “அப்படியானால் நாங்கள் ஆடுவதை நிறுத்த வேண்டியதில்லையே?” என்று கேட்டாள். வேண்டியதில்லை என்றேன். அவள் திடலை நோக்கி ஓடினாள். சிறிது நேரத்தில் கோட்டின் இருபுறமிருந்தும் பாடும் ஒலி கேட்டது. எப்பக்கம் சடுகுடு, எப்பக்கம் செடுகுடு என்று என் முதிய செவிக்குப் பிரித்தறியக் கூடவில்லை.